நனையாத சிறகும் பற்றற்ற வாழ்வும்

சில்வண்டின் சிறகு பார்வைக்கு வழவழப்பாகத் தெரியும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் கதையே வேறு. பரப்பு முழுக்க வரிசை வரிசையாக நுண்ணிய தூண்கள், சுமார் 200 நானோமீட்டர் உயரத்தில். மேலே மெழுகு. விழும் நீர்த்துளி தூண்களின் உச்சியில் மட்டும் பட்டு நிற்கிறது, இடுக்குகளில் காற்று. அதனால்தான் துளி பரவாமல் உருண்டு ஓடுகிறது.

மெழுகு மட்டும் இருந்தால் போதாது. சமதளமான மெழுகில் நீர் ஓரளவு திரளுமே தவிர, இப்படி உருளாது. தாமரை இலையிலும் இதே ஏற்பாடுதான். ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் அதை 1997-இல் விரிவாக விளக்கினார்.

கீதையும் தம்மபதமும் பற்றற்றவனுக்குத் தாமரை இலைத் தண்ணீரையே உவமை காட்டுகின்றன. ஆனால் பற்றறுப்பது என்றால் விலகிப் போவது, மனத்தைக் கல்லாக்கிக்கொள்வது என்றே பலரும் நினைக்கிறார்கள். இலையும் சிறகும் காட்டுவது அதுவல்ல. துளியின் முழு எடையையும் அந்தத் தூண்கள்தான் தாங்குகின்றன. தொடாமல் எப்படித் தாங்குவது? உள்ளே இறங்க மட்டும் இடமில்லை. கீதை ஐந்தாம் அத்தியாயத்தில் இந்த உவமை வருவதும் செயலைக் கைவிட்டவனுக்காக அல்ல, செய்துகொண்டே இருப்பவனுக்காகத்தான்.

அப்படிப்பட்டவரை மருத்துவமனையில் பார்க்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கையில் உயிர் பிரிகிறது. செவிலியர் கண்களை மூடிவிடுகிறார், உறவினரின் கையைப் பிடித்து நாலு வார்த்தை பேசுகிறார், கை கழுவிக்கொண்டு அடுத்த படுக்கைக்கு மருந்து ஏற்றப் போகிறார். அவருக்கு அன்பில்லை என்று யார் சொல்வார்?

சில்வண்டின் சிறகில் இன்னொரு வியப்பும் உண்டு. அமெரிக்க, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்டது அது. சிறகில் படியும் நுண்துளிகள் ஒன்றோடொன்று சேரும்போது, அந்தச் சேர்க்கையில் வெளிப்படும் ஆற்றலாலேயே துள்ளி வெளியேறுகின்றன. போகும்போது அழுக்கையும் கொண்டுபோகின்றன. மழைகூட வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் காப்புக்கும் எல்லை உண்டு. சோப்பு கலந்தால் நீரின் பரப்பு இழுவிசை குறைந்துவிடும்; நீர் இடுக்குகளுக்குள் இறங்கிவிடும். தூண்கள் தேய்ந்துபோனால் சில்வண்டுக்கு வேறு வழியில்லை, சிறகு முளைத்தபின் அது தோலுரிப்பதில்லை. தாமரை இலை உயிரோடிருப்பது. மெழுகை மறுபடி சுரந்துகொள்ளும். மனிதனுக்குப் பொருந்துவது இலைதான். தியானமும் ஜபமும் தனிமையும் அவனுக்கு வேண்டும், மறுநாள் மனிதர்கள் நடுவே திரும்பி வருவதற்காக. வீட்டையும் வேலையையும் உதறிவிட்டுப் போகச் சொல்பவர்கள் தாமரை இலையைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது. அது தண்ணீரை விட்டு எங்கும் போனதில்லை.