மீளமைப்பும் மெய்ம்மையும்

பழைய பொருளொன்றை அது பிறந்த நாளின் நிலைக்கு மீட்டெடுப்பது உண்மையைப் பேணுவதாகுமா, அன்றி உண்மையை மறைப்பதாகுமா? கோயில், சிற்பம், ஓவியம் ஆகியவற்றை முன்னிட்டு அறிஞர் நெடுங்காலமாக எழுப்பிவரும் இவ்வினா, இன்று பழைய மோட்டார் வண்டிகளை முன்னிட்டும் எழுகின்றது. வண்டிக்கும் அறவியலுக்கும் யாது தொடர்பு எனச் சிலர் நகைக்கலாம். ஆயினும், கையால் தொட்டுக் கழற்றிப் பார்க்கக்கூடிய ஒரு பொருளை வைத்து ஆராயும்போது வினாவின் கூறுகளைப் பிரித்துக் காண்பது எளிதாகின்றது.

நமக்கு நன்கு அறிமுகமான மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்த இவ்வண்டி 1948 முதல் 1971 வரை உற்பத்தி செய்யப்பட்டது. ஒக்ஸ்போட் நகரை அடுத்த கௌலித் தொழிற்சாலையே அதன் பிறப்பிடம். இலங்கையில் அது நீண்ட ஆயுள் பெற்றமைக்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. 1960 களில் இறுகிய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் 1977 வரை தளரவில்லை. புதிய வண்டி வராத நாட்டிற் பழைய வண்டி சாக முடியாது. கடைசற்பட்டறையிற் கடைந்த உதிரிப்பாகம், பிறிதொரு வண்டியின் காபறேற்றர், கையால் தட்டி நிமிர்த்திய தகடு ஆகியவற்றால் நம் மெக்கானிக்குகள் அதனை உயிருடன் வைத்திருந்தனர்.

இன்று இத்தகைய வண்டியை மீளமைப்போருள் ஒரு சாரார், பொனற்றைத் திறந்தால் உள்ளே காணப்படும் ஒவ்வொன்றும் தொழிற்சாலை அமைத்தவாறே இருத்தல் வேண்டும் என்பர். 1956 ஆம் ஆண்டின் 948 கன சென்ரிமீற்றர் இயந்திரத்திற்கு உரிய பச்சை வண்ணம், எஸ்.யூ. காபறேற்றர், லூக்காஸ் டைனமோ, துணிப்பின்னல் உறையிட்ட மின்கம்பிகள், பற்றறியின் நேர்முனை உடலோடு இணைந்த பழைய மின்முறை என யாவும் பிழையின்றி அமைய வேண்டும். ஒரு கவ்வியின் வடிவம் மாறினும் அவர்தம் உள்ளம் அமைதியுறாது.

இதனை வீண் ஆடம்பரம் என ஒதுக்கிவிடல் தகாது. வீதியிற் செல்வோர் வண்டியின் வெளிப்புறத்தையே காண்பர். பொனற்றின் கீழுள்ள கவ்வியைக் காண்போர் மிகச் சிலரே. காண்பாரில்லாத இடத்திலும் செம்மை வேண்டும் என்னும் பிடிவாதம் ஒருவகை நேர்மையாகும். இன்று வாழாத வடிவமைப்பாளரின் சிந்தனையை ஒவ்வொரு திருகாணியிலும் பின்தொடர்ந்து கற்பதற்குப் பணிவும் வேண்டும். 

ஆயினும் ‘தொழிற்சாலை நிலை’ என்பது யாது? தொழிற்சாலையும் மனிதர் இயங்கிய இடமே. விரைந்து பூசிய வண்ணம் வழிந்திருக்கும். ஒரு நாளின் வண்டி மறுநாள் வண்டியை முற்றிலும் ஒத்திராது. காட்சிப் போட்டிகளிற் பளபளக்கும் பல வண்டிகள் தாம் பிறந்த நாளிலும் அத்துணைப் பளபளப்புடன் இருந்ததில்லை. பிரான்சிய கட்டடக்கலைஞர் வியோலே-லெ-டியூக், மீளமைப்பானது பொருளை முன்னொருபோதும் நிலவியிராத முழுமைக்கும் கொண்டுசெல்லலாம் என்றார். ஆங்கில அறிஞர் ஜோன் ரஸ்கின் 1849 இல், அத்தகைய மீளமைப்புப் பொய்யேயாகும் எனக் கண்டித்தார். 1964 இன் வெனிஸ் சாசனம் நடுவழி கண்டது: ஊகம் தொடங்குமிடத்தில் மீளமைப்பு நிற்றல் வேண்டும்; பல காலத்தவர் சேர்த்தவற்றையும் மதித்தல் வேண்டும்.

இவ்விரண்டாம் நெறியே நம் சிந்தனைக்கு உரியது. 1990 களில் மைனருக்கான உடற்தகடுகள் இலங்கையிற் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே மீளமைக்கப்பட்டு ‘மூலநிலை’ பெற்ற வண்டியின் தகடு நம் நாட்டுத் தொழிலாளியின் கைவேலையாக இருக்கலாம். அவ்வாறாயின், கௌலித் தொழிலாளியின் திருகாணி மட்டும் உண்மை, நம் பட்டறைத் தொழிலாளியின் திருகாணி பொய் என எவ்வாறு கூறலாம்?

எதைக் காப்பது என்னும் வினாவிற்கு மண்டூர் ஓரளவு வழிகாட்டுகின்றது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரையில் அமைந்த இவ்வூரின் கந்தசுவாமி கோயில் சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படுவது. கதிர்காமத்திற் போன்றே அங்கும் பூசகர் வாயைத் துணியாற் கட்டி மௌனமாகப் பூசை செய்வர். கூரை பழுதுற்றாற் புதுக்கலாம். மதிலுக்கு வண்ணம் பூசலாம். அடியார் அதனைப் பொய் என்னார். ஆனால் அம்மௌனத்தை நீக்கி ஒலிபெருக்கியில் மந்திரம் ஓதினால் அது வேறு கோயிலாகிவிடும். எது மாறினால் ஒரு பொருள் தானல்லாததாகுமோ, அதுவே அதன் உயிர்நிலை. அந்த உயிர்நிலை எதுவெனப் பொருளின் தொழிற்சாலை ஏடு மட்டும் கூறிவிடாது. அதனோடு வாழ்ந்தவரையும் கேட்டல் வேண்டும்.

இவ்வினா வண்டியோடு நின்றுவிடுவதன்று. 1978 நவம்பர் 23 இற் சூறாவளியும், பின்னர் 2009 வரை நீடித்த யுத்தமும், 2004 டிசம்பர் 26 இற் கடற்கோளும் இப்பிரதேசத்தைச் சிதைத்தன. வீட்டை, பாடசாலையை, நூலகத்தை முன்பிருந்தவாறே மீட்போம் என்னும் சொல்லை நாம் பலமுறை கேட்டுள்ளோம். முன்பிருந்தவாறு கட்டிய சுவர் ஆறுதல் தரும். அதனை மறுத்தல் கொடுமை. எனினும் இங்கு ஒன்றுமே நிகழவில்லை என்று அச்சுவர் கூறுமாயின், துயருற்றவரின் சாட்சியமும் தாங்கி நின்றவரின் உழைப்பும் ஒருங்கே அழிந்துபோகும்.

ஆகவே, மீளமைப்பது குற்றமன்று. மீளமைத்ததை மறைப்பதே குற்றம். தொழிற்சாலை நிலையை நாடுபவர் அதனை நாடட்டும். ஆனால் கழற்றியெடுத்த உள்ளூர்ப் பாகத்தை எறிந்துவிடாது பேணட்டும். எதை, எப்போது, ஏன் மாற்றினார் என எழுதி வைக்கட்டும். விற்குமிடத்து வாங்குபவரிடம் அவ்வேட்டையும் கையளிக்கட்டும். பற்றாக்குறைக் காலத்தில் ஒரு வண்டியை ஓடவைத்த பெயரறியாத மெக்கானிக்கும் இசிகோனிசைப் போன்றே அதன் ஆக்கியோருள் ஒருவர் என்பதை ஒப்புக்கொள்ளும் மீளமைப்பே மெய்ம்மையுடையது எனத் துணியலாம்.