சுவருக்குள் மறையும் மனச்சான்று

பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்துவிட்டால், "இனி என்ன, ஐ.டி.ஐ.தான்" என்று பெருமூச்சு விடும் பெற்றோர் நம்மிடையே பலர். அறிவு ஒருபுறம், கைத்தொழில் மறுபுறம் என்று மனத்தில் கோடு கிழித்துவிட்டோம் என்பதே அப்பெருமூச்சின் பொருள். ஆயினும் நள்ளிரவில் வீடு இருண்டுபோனால் நாம் தேடி ஓடுவது மின்பணியாளரையே. குழந்தைகளோடு நாம் உறங்கும் வீட்டின் பாதுகாப்பை எவர் கையில் ஒப்படைக்கின்றோமோ, அவரது தொழிலையே தாழ்வாக மதிக்கின்றோம். இம்முரண்பாடு சிந்திக்கத்தக்கது.

இத்தொழிலுக்குச் செல்லும் வழி எளிதன்று. தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் பிரிவு ஈராண்டுப் படிப்பு. அதை முடித்தவர் 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் தொழிற்சாலையிலோ மின் பகிர்மானக் கழகத்திலோ பழகுநராகச் சேரலாம். மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. முடிவில் தேர்வும் தேசியச் சான்றிதழும் உண்டு. படித்துத் தேறியவன் மீண்டும் ஏன் பழக வேண்டும்? கைவேகம் பெறுவதற்காக என்பர். அதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு.

ஒரு விளக்குக்கு இரு கம்பிகள் செல்கின்றன: ஒன்று பேஸ், மற்றொன்று நியூட்ரல். சுவிட்சைப் பேஸ் கம்பியில்தான் இணைக்க வேண்டும். மாறாக நியூட்ரலில் இணைத்தாலும் விளக்கு எரியும், அணைத்தால் அணையும். வீட்டுக்காரர் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் சுவிட்சை அணைத்த பின்னும் ஹோல்டரில் 230 வோல்ட் மின்னழுத்தம் நிற்கும். என்றோ ஒருநாள், அணைத்துவிட்டோம் என்று நம்பி பல்பை மாற்றக் கை நீட்டும் தாயையோ சிறுவனையோ அது தாக்கும். எர்த் கம்பியும் அத்தகையதே. பழுதற்ற நாள்களில் அதற்கு வேலையே இல்லை; ஆதலால் அதை இணைக்காமல் விட்டாலும் கேட்பாரில்லை. வேலை முடிந்து சுவர் பூசப்பட்டபின் சாட்சி சொல்ல இருப்பது வேலை செய்தவனின் மனச்சான்று ஒன்றே.

இந்த மனச்சான்றை எந்தப் பாடநூல் கற்பிக்கும்? விதியை நூல் சொல்லும். எவரும் பாராதபோதும் அவ்விதியைக் காக்கும் பழக்கத்தையோ, காப்பவர் ஒருவரின் அருகில் நின்றே பெற வேண்டும். கம்பியைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் டெஸ்டர் வைத்துப் பார்க்கும் மேஸ்திரியிடம் பழகியவன் அவ்வாறே செய்வான். "இது போதும், யார் பார்க்கப் போகிறார்கள்" என்பவரிடம் பழகியவன் அதையே கற்பான். ஆகவே பழகுநரை ஏற்பவர் ஏற்பது இரு கைகளை மட்டுமன்று. அவர்வழியாக, தாம் ஒருபோதும் காணாத வீடுகளின் உயிர்களையும் ஏற்கின்றார்.

பழகுநர் பயிற்சி பெறுபவரேயன்றித் தொழிலாளர் அல்லர் என்கிறது நம் சட்டம். கற்பவனுக்குக் கற்பிக்கப்பட வேண்டும் என்பதே இதன் உட்பொருள். ஆனால் தேநீர் வாங்கிவரவும் ஏணியைப் பிடிக்கவுமே ஓராண்டைக் கழிக்கச் செய்தால், அதே வாசகம் மலிவான உழைப்புக்குப் போர்வையாகிவிடும். இவ்வநீதி புதியதன்று. துரின் நகரில் புனித தொன் போஸ்கோ 1852இல் தச்சுப் பழகுநன் ஒருவனுக்காக எழுத்து ஒப்பந்தம் செய்வித்தார். தொழிலைக் கற்பிக்க வேண்டும். தொழிலுக்குப் புறம்பான வேலைகளில் ஏவலாகாது. அடிக்காமல் சொல்லால் திருத்த வேண்டும். திருநாள்களில் ஓய்வு தரவேண்டும் என்பன அதன் கூறுகள். இரக்கம் மட்டும் போதாது, நீதி எழுத்தில் இருக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

"கற்றபின் வேறிடம் போய்விடுவான், நான் ஏன் பாடுபட வேண்டும்?" என்று கேட்கும் உரிமையாளரும் உண்டு. அவர் கேள்வியில் நியாயமில்லாமல் இல்லை. ஆனால் அவரும் எவரிடமோ கற்றவர்தாம். கற்பித்தவருக்கே அக்கடனைத் திருப்பிக் கொடுப்பது அரிது. அடுத்து வருபவனுக்கே அதைச் செலுத்த முடியும். மின்தூண்டலை 1831இல் கண்டறிந்த மைக்கேல் பாரடே, இலண்டனில் புத்தகம் கட்டும் கடையொன்றில் ஏழாண்டுகள் பழகுநராக இருந்தவர். கட்ட வந்த நூல்களைப் படிக்க அவரை முதலாளி தடுக்கவில்லை. ஆனால் பழகியவர் அத்தொழிலில் நிலைக்கவில்லை. அதனால் அந்த முதலாளிக்கு நட்டம் என்றால், இன்று ஒவ்வொரு மின்னாக்கியும் மின்மாற்றியும் அந்த நட்டத்தின் பயனே.

எனவே பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ மின்தொழில் பழக விரும்பினால் பெருமூச்சு விடாதீர்கள். உதவித்தொகை எவ்வளவு என்று கேட்பது முறையே. அதனோடு, யாரிடம் பழகப் போகிறாய், அவர் எப்படி வேலை செய்பவர் என்றும் கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்தபின், இன்று என்ன கற்றாய் என்று மாலைதோறும் கேளுங்கள். பல நாள்கள் தொடர்ந்து அதற்கு விடை கிடைக்கவில்லையெனில், அங்கே ஓர் இளமையின் காலம் திருடப்படுகின்றது. அதைத் தட்டிக்கேட்பது நம் கடமை.