காணாத கையும் கடமையும்: ஓர் அறவியல் நோக்கு

மனிதன் தன் செயலுக்குப் பொறுப்பாளி என்பது அறவியலின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்றாகும். இக்கோட்பாடு உருவான காலத்துச் செயல்கள் பெரும்பாலும் செய்தவனின் கண்முன்னேயே பயன் தந்தன. வாளை வீசியவன் வீழ்ந்தவனைக் கண்டான். சோறிட்டவன் உண்டவனின் முகத்தைக் கண்டான். இன்றைய வாழ்விலோ ஒருவர் ஓர் ஆளியை இயக்குகிறார். அதன் விளைவு பல மைல்களுக்கு அப்பால், அவர் ஒருபோதும் சந்தித்திராத ஒருவரின் உயிரைக் காக்கிறது அல்லது போக்குகிறது. செய்பவனுக்கும் செயலின் பயனுக்கும் இடையே இவ்வாறு ஒரு திரை விழுந்துவிட்டபோது பொறுப்பு என்னாகிறது? தூரத்தோடு அது தேய்ந்து போகிறதா? அன்றி வேறொரு வடிவம் கொள்கிறதா? இவ்வினாவை ஒரு தொழிலை உரைகல்லாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பெருநகரங்களின் மின்சாரப் புகையிரதங்களுக்கு மின்சாரத்தை வழங்கவும் நிறுத்தவும் அதிகாரம் பெற்றுக் கட்டுப்பாட்டறையில் அமர்ந்திருக்கும் மின்வலுக் கட்டுப்பாட்டாளரின் தொழிலே அது.

இத்தொழில் எம்மவர்க்குப் பழக்கமானதன்று. கொழும்பு வீதிகளில் 1899ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய மின்சார ட்ராம் வண்டிகள் 1960ஆம் ஆண்டோடு நின்றுவிட்டன; எமது புகையிரதங்கள் இன்றும் டீசலினாலேயே ஓடுகின்றன. எனவே தொழிலின் இயல்பை முதலிற் சுருக்கமாக நோக்குவோம். நியூயோர்க் நகரின் நிலக்கீழ்ப் புகையிரதப் பாதை 1904ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கே சில்லுகள் உருளும் இரு தண்டவாளங்களின் அருகே மூன்றாவது தண்டவாளம் ஒன்று உண்டு. அதிலே 625 வோல்ற்று நேரோட்ட மின்சாரம் பாய்கிறது. உயரழுத்தத்தில் வந்து சேரும் ஆடலோட்ட மின்சாரத்தை வழிநெடுக அமைந்த உபமின்நிலையங்கள் நேரோட்டமாக மாற்றி இத்தண்டவாளத்துக்கு ஊட்டுகின்றன. மூன்றாந் தண்டவாளம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதி பெரும்பாலும் இரு முனைகளிலிருந்தும் மின்சாரம் பெறும். அம்முனைகளிலுள்ள சுற்றுடைப்பான்களைத் தொலைவிலிருந்தவாறே திறப்பதும் மூடுவதும் கட்டுப்பாட்டாளரின் வேலை. அவர் முன்னே வண்டி இல்லை, பயணி இல்லை, சுரங்கமும் இல்லை. பாதையின் வரைபடமும், அதன்மேல் நிலைமை காட்டும் குறிகளும், ஒரு தொலைபேசியும் மாத்திரமே உள்ளன.

மெய்யியல் கற்கும் மாணவர் யாவரும் 'ட்ராம் வண்டிப் பிரச்சினை'யை அறிவர். ஆங்கில மெய்யியலாளரான பிலிப்பா ஃபூட் 1967ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றிலே, கட்டுக்கடங்காது ஓடும் ட்ராம் வண்டியின் சாரதி ஒருவரைக் கற்பனை செய்தார். நேரே சென்றால் ஐவர் மாள்வர். கிளைப்பாதையில் திருப்பினால் ஒருவர் மாள்வார். சாரதி யாது செய்தல் வேண்டும்? அமெரிக்க மெய்யியலாளரான ஜூடித் தொம்சன் 1976இல் இதற்கு இப்பெயரைச் சூட்டினார். 1985இல் சாரதிக்குப் பதிலாகப் பாதையோரத்து ஆளியின் அருகே நிற்கும் வழிப்போக்கர் ஒருவரை வைத்து வினாவை மேலும் கூர்மையாக்கினார். கொல்லுதலுக்கும் சாகவிடுதலுக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய இக்கற்பனை பெரிதும் உதவியது என்பதை மறுத்தற்கில்லை. ஆயின் இதனுள் ஓர் எடுகோள் மறைந்து கிடக்கிறது. ஆளியருகே நிற்பவர் அனைத்தையும் காண்கிறார் என்பதே அவ்வெடுகோள். எத்தனை பேர், எந்தப் பாதையில், எத்தனை கணத்தில் என்பனவெல்லாம் அவருக்கு ஐயமின்றித் தெரியும். எஞ்சியிருப்பது தெரிவு ஒன்றே.

உண்மையில் ஆளியைப் பற்றியிருப்பவரின் நிலை இதற்கு நேர்மாறானது. அவருக்கு அந்த ஐவரும் தெரியார். அந்த ஒருவரும் தெரியார். ஒரு குறி நிறம் மாறுகிறது. ஒரு குரல் தொலைபேசியில் அவசரமாக எதையோ கூறுகிறது. மெய்யியலாளரின் வினா தொடங்கும் இடத்துக்கு வந்து சேர்வதே அவருக்குப் பெரும்பாடாகும். எதைத் தெரிவுசெய்வது என்பதற்கு முன்னர், எதை அறிந்தேன், யாரிடமிருந்து அறிந்தேன், அவ்வறிவை எவ்வளவு நம்பலாம் என்னும் வினாக்களே அவரது அறப்பிரச்சினையாக அமைகின்றன.

இக்குறையை உணர்ந்தே இத்தொழிலின் விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இரண்டை ஈண்டு எடுத்துக்கொள்வோம். முதலாவது, ஆபத்து வேளையில் மின்சாரத்தை நிறுத்துவதற்குக் காரணம் கேட்டுக் காத்திருத்தல் ஆகாது என்பது. நியூயோர்க் சுரங்கங்களில் நீல விளக்கு எரியும் இடங்களிலே அபாய அறிவிப்புப் பெட்டியும் தொலைபேசியும் வைக்கப்பட்டுள்ளன. பெட்டியை இயக்கினால் அப்பகுதியின் மின்சாரம் நின்றுவிடும். காரணத்தைப் பின்னரே தொலைபேசியிற் கூறவேண்டும். இரண்டாவது, நிறுத்திய மின்சாரத்தை மீண்டும் வழங்க ஊகம் போதாது என்பது. பாதையில் வேலை செய்வதற்காக யாருடைய பொறுப்பில் மின்சாரம் நிறுத்தப்பட்டதோ, அவரே தம் ஆட்கள் அனைவரும் விலகிவிட்டனர் என்று அறிவிக்கும் வரை சுற்றுடைப்பானை மூடலாகாது. "வேலை முடிந்திருக்கும்" என்று பிறர் கூறுவது ஏற்கப்படமாட்டாது. "முடிந்துவிட்டது" என்று உரியவர் கூறவேண்டும். கேட்டவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும்.

நிறுத்துவது எளிது, தொடங்குவது கடினம் என்னும் இவ்வேற்றத்தாழ்வு வெறும் நிருவாக ஏற்பாடு அன்று. தாமதம் ஈடுசெய்யத்தக்கது; உயிரிழப்பு ஈடுசெய்ய முடியாதது என்னும் மதிப்பீடு அதனுள் பொதிந்துள்ளது. அதற்கும் மேலாக, அங்கே ஒரு வாக்குறுதி அடங்கியிருக்கிறது. மூன்றாந் தண்டவாளத்தின் அருகே குனிந்து வேலை செய்யும் தொழிலாளிக்கு, அத்தண்டவாளத்தில் மின்சாரம் இருப்பதும் இல்லாததும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். அதனைச் சோதித்தறியக் கருவிகள் உள்ளன. ஆயின் இக்கணத்தில் இல்லாத மின்சாரம் அடுத்த கணத்திலும் வாராது என்பதற்குத் தொலைவிலுள்ள ஒருவரின் சொல்லே பெரும் பிணையாகிறது. வாக்குறுதியை மீறுவது மற்றவனை வெறுங் கருவியாகக் கொள்வதாகும் என்றார் கான்ட். அவ்வுண்மை நூல்களிலும் பார்க்க இத்தொழிலில் வெளிப்படையாகத் தெரிகிறது எனலாம்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். விதியைப் பின்பற்றுவது மட்டும் அறமாகுமா? இயந்திரமும் அதைச் செய்யுமே! இதற்கு விடை காண, இரவு வேலை முடியும் நேரத்தை எண்ணிப் பார்ப்போம். விடியற்காலை முதல் வண்டி புறப்பட வேண்டும். மேலதிகாரி தொலைபேசியில் வற்புறுத்துகிறார். வேலைக்குழுவின் தலைவரோ அழைப்புக்கு மறுமொழி தரவில்லை. அவர்கள் போயிருப்பார்கள் என்பதே பெரும்பாலும் உண்மையாக இருக்கும். காத்திருக்கும் பயணிகளோ ஆயிரக்கணக்கினர். பெரும்பான்மையோரின் நன்மையைக் கணக்கிடுபவர் ஆளியை மூடிவிடலாம் என்பார். ஆயின் அக்கணக்கில் வரும் நிகழ்தகவு யாருடையது? காணாதவர் ஒருவர் காணாதவற்றைப் பற்றித் தம் மனத்தில் அமைத்துக்கொண்டது. அவ்வேளையில் "நான் காணவில்லை, ஆகவே கண்டவர் சொல்லும்வரை என் கையை அசைக்கமாட்டேன்" என்று நிற்பவர் இயந்திரம் அல்லர். தம் அறிவின் எல்லையை அறிந்து தம் அதிகாரத்தைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்பவர் அவர். இயந்திரத்துக்கு ஆசையுமில்லை, அச்சமுமில்லை. ஆதலின் அதன் கீழ்ப்படிவு அறமாகாது. இவருடைய உறுதியோ அறமாகும்.

இதனினும் வலிய தடை ஒன்று உண்டு. நிறுத்துவதே எப்போதும் பாதுகாப்பானது என்று கொள்ளலாமா? 2003ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆந் திகதி தென்கொரியாவின் டேகு நகரிலே ஒருவர் நிலக்கீழ் வண்டியொன்றில் தீ வைத்தார். அவ்வேளை எதிர்ப்பாதையில் இன்னொரு வண்டி அதே நிலையத்தினுள் வந்து நின்றது. தீயறி கருவி இயங்கி மின்சாரம் தானாகவே துண்டிக்கப்படவே, பின்னர் வந்த வண்டி புறப்பட்டுச் செல்ல இயலாது தீயின் அருகே சிக்கிக்கொண்டது. அன்று 192 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தீ வைக்கப்படாத அந்த இரண்டாம் வண்டியில் இருந்தவர்கள். 2015ஆம் ஆண்டு ஜனவரி 12ஆந் திகதி வாசிங்டனில் நிகழ்ந்தது இதற்கு மறுதலையானது. லான்ஃபான் பிளாசா நிலையத்தின் அருகே மூன்றாந் தண்டவாளத்து மின்தொகுதியில் மின்னொழுக்கு ஏற்பட்டுச் சுரங்கம் புகையால் நிறைந்தது. ஒரு முனையின் சுற்றுடைப்பான் திறந்துகொண்ட பின்னரும் மறுமுனையிலிருந்து மின்சாரம் பாய்ந்துகொண்டேயிருந்தது. புகையினுள் நின்ற வண்டியிலிருந்த பயணி ஒருவர் உயிரிழந்தார், பலர் பாதிக்கப்பட்டனர். ஓரிடத்தில் மின்சாரம் நின்றதால் வண்டி தப்பவில்லை. மற்றோரிடத்தில் மின்சாரம் நிற்காததால் புகை ஓயவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகும். 'நிறுத்து' என்பதும் 'விடு' என்பதும் தம்மளவில் நன்மையுமல்ல, தீமையுமல்ல. ஒன்றும் செய்யாதிருத்தலும் ஒரு செயலே. அப்படியாயின் மேலே போற்றிய விதிகள் பயனற்றவையா? இல்லை. அவை கட்டுப்பாட்டாளரின் குருட்டு நிலைக்கு ஏற்ற தற்காப்பு மட்டுமே, பார்வைக்கு ஈடாகமாட்டா. விதி முடிவடையும் இடத்தில் அரிஸ்ரோட்டில் கூறிய நடைமுறை விவேகம் தொடங்குகிறது. அவ்விவேகமோ தனியொருவரின் மூளையில் ஊறுவதன்று. சுரங்கத்தில் நிற்பவர் காண்பதைத் தெளிவாகக் கூறவும், அறையில் இருப்பவர் அதைச் செவிமடுக்கவும் கூடிய உறவிலேயே அது பிறக்கிறது.

இவ்வுறவுக்குக் கருவிகள் மாற்றாகா. 2005ஆம் ஆண்டு ஜூலை 7ஆந் திகதி காலையில் இலண்டன் நிலக்கீழ் வண்டிகள் மூன்றில் குண்டுகள் வெடித்தபோது, மின்னழுத்தம் திடீரென உயர்ந்ததால் நேர்ந்த கோளாறு என்றே தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. வெடிப்பினால் மின்தொகுதி பாதிக்கப்பட்டதைக் கருவிகள் காட்டின; அவை பொய் சொல்லவில்லை. ஆயின் மின்சாரம் போனது என்று கூறும் குறி, மனிதர் மடிந்தனர் என்று கூறாது. வண்டிகளிலிருந்து வெளிவந்தோரின் சொற்களும், அவர்களை நாடிச் சென்ற ஊழியரின் சொற்களுமே உண்மையை வெளிக்கொணர்ந்தன. "இக்குறி இதைக் காட்டுகிறது, காரணம் எனக்கு இன்னும் தெரியாது" என்று கூறும் நேர்மை, காணாத இடத்தில் அமர்ந்திருப்போர்க்கு இன்றியமையாத பண்பாகும்.

விபத்து நேர்ந்தபின் எழும் வினா, யாரைக் குற்றஞ் சாட்டுவது என்பதாகும். பலர் கூடிச் செய்த செயலில் எவர்க்கும் பொறுப்பில்லை என்று கைகழுவுவது ஒரு தவறு. கடைசியாக ஆளியைத் தொட்ட கைக்கே முழுப் பொறுப்பையும் சுமத்துவது மற்றொரு தவறு. கட்டுப்பாட்டாளரின் அறம் கேட்டறிவதில் தங்கியுள்ளதெனின், தகவல் தெளிவாக வந்து சேரும் வழியை அமைத்தல் நிறுவனத்தின் அறமாகும். தொலைபேசி கேளாத சுரங்கம், ஓய்வு குறைந்த இரவு முறை, "தெரியாது" என்று சொல்பவரைத் தண்டிக்கும் மேலதிகாரி ஆகியனவும் அந்தக் கையை இயக்குகின்றன. எனினும் நிறுவனத்தின் குறை தனிமனிதரின் பொறுப்பை முற்றாக நீக்கிவிடாது. தமக்குத் தெரியாததைத் தெரியும் என்று கொள்ளாதிருக்கும் கடமை எந்நிலையிலும் அவருடையதே.

தூரத்தால் பொறுப்பு குறைகிறதா என்ற தொடக்க வினாவுக்கு இப்போது விடை கூறலாம். அது குறைவதில்லை, இடம் மாறுகிறது. காண்பவனின் பொறுப்பு சரியாகத் தெரிவுசெய்வதில் உள்ளது. காணாதவனின் பொறுப்பு முதலில் சரியாகக் கேட்டறிவதிலும், அறியாதவிடத்துக் கொடுத்த வாக்கைக் காப்பதிலும் உள்ளது. இது மின்வலுக் கட்டுப்பாட்டாளர்க்கு மாத்திரம் உரியதன்று. கோவையொன்றில் கையொப்பமிடும் அலுவலரும், தாம் மிதித்திராத ஊருக்குத் திட்டம் வகுப்பவரும் இத்தகைய ஆளியொன்றையே பற்றியிருக்கின்றனர். பட்டம் பெற்று நாளை அவ்விடங்களில் அமரவிருக்கும் நாம், மறுமுனையிலுள்ள குரலைக் கேளாது கையை அசைப்பதில்லை என்ற ஒழுங்கை இத்தொழிலாளரிடமிருந்து கற்றுக்கொள்ளுதல் தகும்.