பாடசாலையிற் பெற்றோர் வாக்கு

ஒரு பிள்ளையின் நன்மையைக் குறித்துத் தீர்மானஞ் செய்யும் உரிமை யாருக்கு உரியது? கற்றறிந்த ஆசிரியருக்கோ, பெற்று வளர்த்த தாய் தந்தையருக்கோ? தாயும் தந்தையும் முன்னும் ஆசிரியர் அவர்க்குப் பின்னுமாக வைத்து வணங்கும் முறையை நம் முன்னோர் நமக்குச் சிறு பிராயத்திலேயே கற்பித்தனர். அம்முறையை நாடோறும் மாணாக்கருக்கு உபதேசிக்கின்ற ஆசிரியப் பெருமக்கள், பாடசாலைக் கருமங்களில் அதனை எவ்வளவு கைக்கொள்கின்றனர் என்பதை மலைநாட்டுத் தோட்டப் பாடசாலைகளை முன்வைத்து ஈண்டு ஆராய்வாம்.

நுவரெலியா, அட்டன் முதலிய பகுதிகளிற் பள்ளி வந்த வரலாறு இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், ஆறு முதற் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்பு வசதி செய்யுங் கடமையைத் தோட்டத்துரைமார் மேற் சுமத்திற்று. கடமை துரைக்காயிற்று, ஆகவே பள்ளியும் துரையின் பள்ளியாயிற்று. 1945இல் இலவசக் கல்வி நாட்டில் எழுந்தபொழுது அதன் பயன் தோட்டப் பள்ளிகளை நெடுங்காலம் எட்டவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், அதனையொட்டி 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் இம்மக்களுட் பெரும்பாலோரை வாக்கற்றவராக்கின. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தின் பின்னரே, அப்பதிற்றாண்டின் பிற்பகுதி தொட்டுத் தோட்டப் பள்ளிகள் படிப்படியாக அரசாங்கத்தின் கீழ் வந்தன. இற்றைக்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் உண்டு. அதிபர் தலைவராக, ஆசிரியரும் பெற்றோரும் பழைய மாணவரும் அங்கத்தினராக அமைகின்றனர். பெற்றோருக்கு இடம் உண்டாயிற்று. வாக்கு உண்டாயிற்றோ என்பதே வினா.

சங்கக் கூட்டம் வேலைநாளிற் காலையில் வைக்கப்படுமாயின் நிகழ்வது யாது? கொழுந்தெடுக்குந் தாய் அன்றைய நாட்சம்பளத்தை இழந்து வருதல் வேண்டும். அன்றேல் வாராதிருத்தல் வேண்டும். வாராதவரைப் பொறுப்பற்றவர் என்கின்றோம். வந்தவருக்கோ முன்னமே முடிவு செய்தவை அறிவிக்கப்படுகின்றன, செலுத்த வேண்டிய தொகை சொல்லப்படுகின்றது, கையெழுத்துப் பெறப்படுகின்றது. “நீங்க பார்த்துச் செய்யுங்க ஐயா” என்று கூறிக் கைகூப்பி அவர் மலைக்கு மீள்கின்றார். பெற்றோர் ஏகமனதாகச் சம்மதித்தனரென்று கூட்டக் குறிப்பில் எழுதப்படுகின்றது.

பணிவு வேறு, சம்மதம் வேறு. பிரட்டுக் களத்தில் துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் முன்னே தலைமுறை தலைமுறையாக மறுமொழி கூறாது நின்று பழகிய சமுதாயம் அது. வாய் திறந்தவருக்கு வேலையும் வீடும் ஒருங்கே போகுமென்னும் அச்சம் அப்பழக்கத்தின் வேராகும். அதே மௌனம் பாடசாலை மண்டபத்தில் நம்முன் நிற்கும்போது, அதனை ஆசிரியர் மேலுள்ள பக்தியென்று நாம் மகிழ்ந்து ஏற்போமாயின், துரை விட்டுப்போன நாற்காலியில் நாமே அமர்ந்தவராவோம். லயத்திற் பிறந்து கற்று ஆசிரியரானோர் நம்முட் பலர். இதனை அவர் மற்றெவரினும் நன்கறிவர்.

“எழுத்தறியாதவர் கல்விக் கருமத்தில் என்ன சொல்ல வல்லார்?” என்பாரும் உளர். அவர் தோட்டத்து மாரியம்மன் கோயிலை நோக்குவாராக. திருவிழாவுக்குக் குடும்பந்தோறும் வரி விதித்துத் தண்டுவோர் யார்? கணக்கைச் சபையில் ஒப்புவிப்போர் யார்? மாசியிற் காமன் கூத்துக்கு வேடதாரிகளைத் தெரிந்து, பல இரவுகள் பழக்கி, ஊர் முழுவதையும் ஒருங்கு திரட்டுவோர் யார்? சீட்டும் மரண உதவிச் சங்கமும் நடாத்துவோர் யார்? பாடசாலைக் கூட்டத்தில் வாய்திறவாத அதே தந்தையரும் தாயருமே அன்றோ! கோயிலிற் பேசும் நா பள்ளியில் அடங்குமாயின், குறை நாவிலன்று; பள்ளி அதனை அழைத்த முறையிலேயாம்.

எல்லாவற்றையும் பெற்றோரே முடிவு செய்க என்பது எமது கருத்தன்று. பாடசாலைக் கருமங்கள் மூவகைப்படும். எழுத்தும் எண்ணும் எவ்வாறு கற்பிப்பது என்பது ஆசிரியர் அறிவுக்குரியது. பிள்ளை எப்பொழுது உண்கின்றது, எந்த விளக்கொளியிற் படிக்கின்றது, எதற்கு அஞ்சுகின்றது என்பவை பெற்றோர் அறிவுக்குரியவை. பணந் தண்டல், மாலை வகுப்பு, தண்டனை, மேல்வகுப்புக்கு வேறூர் அனுப்பல் ஆகியன இருவர் அறிவுங் கூடினாலன்றி நன்கு முடியாதவை. மாலை வகுப்பு நன்றென ஆசிரியர் அறிவார். மழைக்கால இருளில் மலைச்சரிவு வழியே சிறுமியொருத்தி தனித்து வீடு சேர்வது எவ்வாறென்பதைத் தாயே அறிவாள். இவ்விரண்டில் ஒன்று குறையினும் தீர்மானங் குருடாம்.

இங்கே கடினமான வினா ஒன்று எழும். பெண்ணைப் படிப்பினின்று நிறுத்திக் கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பப் பெற்றோர் துணிந்தால், அவ்வாக்கையும் மதிப்பதோ? அன்று. 1998 தொடங்கிப் பதினான்கு வயது வரைக்கும், 2016 முதற் பதினாறு வயது வரைக்கும் கல்வி கட்டாயமென்று நாட்டின் விதி உள்ளது. அதனினும் மேலாகப் பிள்ளை பெற்றோருக்கும் உடைமையன்று. மதித்தலாவது சொன்னதற்கெல்லாம் இணங்குதலன்று. சொல்வதை முற்றக் கேட்டு, மறுக்குமிடத்துக் காரணங் கூறி மறுத்தலாம். கடனோ, நோயோ, தாய் வெளிநாடு சென்றமையோ அத்துணிவுக்குக் காரணமாயிருக்கலாம். அதனைக் கேட்டறிந்த ஆசிரியரே பிள்ளையை மீட்க வழி காண்பார். சட்டத்தை மட்டுங் காட்டி வைதவர் வரவேட்டில் ஒரு பெயரை வெட்டுவதோடு முடிவார்.

பெற்றோருக்காகத் தோட்டத் தலைவர்மாரே பேசிவிடுகின்றனர், அதனாற் கட்சிப் பூசல் புகுகின்றதென்பதும் மெய்யே. அதற்கு மருந்து கதவடைத்தலன்று. தாய்மாரைத் தனித்தனியே வினாவுதலாம். தலைவர் ஒருவரின் குரலே கேட்பது, ஏனையோர் கேட்கப்படாமையினாலன்றோ?

ஆதலின் ஆசிரியப் பெருமக்காள்! கூட்டத்தை வேலை முடிந்த பின்னரோ ஓய்வு நாளிலோ வைம்மின். வேண்டின் லயத்து வாயிலுக்கே செல்மின். முடிவு செய்யுமுன் வினவுமின். முடிவு செய்தபின் அறிவித்தலுக்குக் கலந்தாலோசனையென்று பெயரிடாதேயுங்கள். தண்டிய பணத்தின் கணக்கை, எழுத்தறியாதாரும் உணருமாறு உரக்க வாசிமின். அவர் கருத்தை ஏலாவிடத்து, ஏலாமைக்குக் காரணத்தை அவர் முகம் நோக்கிக் கூறுமின்.

தன் தாய் பாடசாலையில் ஆசனத்தில் இருத்தப்பட்டு, அவள் சொல்லை அதிபர் செவிசாய்த்துக் கேட்கும் காட்சியைக் காணும் பிள்ளை, பெற்றோரை வணங்கும் முறையை வேறு பாடத்தாற் கற்க வேண்டுவதில்லை.