வேனிலும் இரு முடங்கல்களும்: புத்துயிர்ப்பின் அறம்

முன்னுரை

பருவம் மாறும்போது மனிதனின் உள்ளமும் மாறுகிறது என்பதை இந்திய இலக்கியங்கள் பலவும் ஏற்றுக்கொண்டுள்ளன. இளவேனில் வந்ததும் மரங்கள் தளிர்க்கின்றன, தென்றல் வீசுகிறது, குயில் கூவுகிறது. உள்ளத்தின் சோர்வு நீங்கிப் பாடவும் எழுதவும் ஓர் ஊக்கம் பிறக்கிறது. இதனைப் புத்துயிர்ப்பு என்று போற்றுவது வழக்கம். ஆயின், இவ்வாறு பிறக்கும் ஊக்கம் தன்னளவிலேயே நன்மை ஆகுமா? அன்றி, அது நன்மையாவதற்கு மனிதன் செய்ய வேண்டியது வேறு உண்டா? சிலப்பதிகாரத்தில் மாதவி எழுதும் இரு முடங்கல்களை முதன்மைச் சான்றாகவும், சாந்திநிகேதனத்து வசந்த விழாவின் வரலாற்றைத் துணைச் சான்றாகவும் கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரிவின் பருவம்

தமிழ் மரபு சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று கொள்கிறது. தொல்காப்பியம் வேனிலைப் பாலைத் திணைக்குரிய பெரும்பொழுதாக வகுத்துள்ளது. பாலைக்குரிய ஒழுக்கம் பிரிவு. ஆகவே அகப்பாடல்கள் பலவற்றில் இளவேனில், பிரிந்து சென்றவன் மீண்டு வருவதாகச் சொன்ன பருவமாக இடம்பெறுகிறது. மரம் பூத்துவிட்டது, சொன்னவன் வரவில்லை. அந்நிலையில் குயிலின் குரல் தலைவியின் துயரை மிகுவிக்கிறது. உலகம் புதுப்பிக்கப்படும்போது அதில் பங்கு பெறாத ஓர் உயிர் தன் தனிமையை முன்னினும் கூர்மையாக உணர்கிறது. எனவே பருவம் எல்லார்க்கும் ஒரே உணர்வைத் தருவதில்லை என்பதும், அதனோடு சேர்ந்து மகிழாதவரைக் குறை கூற இயலாது என்பதும் நம் கவிதை மரபிலேயே அடங்கியுள்ளன.

முதல் முடங்கல்

இம்மரபின் வழியில் நின்றே இளங்கோவடிகள் வேனிற்காதையை அமைத்துள்ளார். கானல்வரிப் பாடலால் நேர்ந்த பிணக்கில் கோவலன் பிரிந்து சென்றுவிட்டான். இளவேனில் வருகிறது. மாதவி மேல்மாடத்தில் அமர்ந்து யாழை எடுக்கிறாள், பாட முயல்கிறாள், மனம் மயங்குகிறது. பின்னர்த் தாழை மடலில், பித்திகை அரும்பை எழுதுகோலாகக் கொண்டு, செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்து எழுதுகிறாள். உயிர்களையெல்லாம் துணையோடு சேர்க்கும் வேனிலை அவள் ஓர் இளவரசனாகக் காண்கிறாள். திங்களும் நேர்மையானவன் அல்லன் என்கிறாள். முதிர்ச்சியற்ற ஆட்சியாளன் கையில் அகப்பட்ட குடியின் முறையீடு போன்றது அம்மடல். எழுதுபொருள் முதல் உவமை வரை யாவும் அப்பருவம் தந்தவை. படைப்பாற்றலை வேனில் தூண்டுகிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்பதரிது.

எனினும் அம்மடல் பயன் தரவில்லை. வசந்தமாலை கொண்டுவந்து நீட்டியபோது கோவலன் அதனை வாங்க மறுக்கிறான். மாதவியின் அன்புச் செயல்களை எண்வகை வரிக்கூத்தாக அடுக்கி, அவள் ஆடல்மகள் என்பதால் அவை யாவும் நடிப்பே என்கிறான். புகாரில் இருவர்க்கும் வேனில் ஒன்றே. வீசிய தென்றலும் ஒன்றே. அவளுக்கு அது சொல்லைத் தந்தது. அவனுக்கோ பிறர் உள்ளத்தை அறியும் கண்ணைத் தரவில்லை. ஊக்கத்தை அளிக்க வல்ல பருவத்திற்கு உணர்வறிவை அளிக்கும் ஆற்றல் இல்லை என்பது இங்குப் புலனாகிறது.

இரண்டாம் முடங்கல்

புறஞ்சேரி இறுத்த காதையில் காட்சி மாறுகிறது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் மதுரையை நோக்கிச் செல்கின்றனர். வெயிலின் கடுமையால் இரவில் நடக்கின்றனர். கோசிகன் என்னும் அந்தணன் கோவலனைத் தேடி வருகிறான். உருமாறியிருந்த அவனை உறுதியாக அடையாளம் காண இயலாமல், வாடி நின்ற மாதவிக்கொடியை நோக்கி, கோவலன் பிரிவால் வருந்தும் மாதவியைப் போல நீயும் இவ்வேனிலுக்கு வாடினையோ என்கிறான். பூக்கச் செய்த வேனிலே முதிர்ந்தபின் வாடவும் செய்கிறது. பருவத்தை மட்டும் நம்பிய புத்துயிர்ப்பின் எல்லை இதுவே.

இவ்விடத்தில்தான் இரண்டாம் முடங்கல் கோவலன் கைக்கு வருகிறது. இதில் தென்றலும் இல்லை, திங்களும் இல்லை. பெற்றோர்க்குச் செய்யும் பணியையும் விடுத்து மனைவியோடு இரவில் ஊரை நீங்கும்படி நான் செய்த பிழை யாது என்று மாதவி வினவுகிறாள், பொறுத்தருள வேண்டுகிறாள். தன் தனிமையைச் சொல்ல எழுந்த சொல், இப்போது பிறர் படும் துன்பத்தைச் சொல்கிறது. இலச்சினையில் படிந்திருந்த கூந்தல் மணம் பழைய நினைவை எழுப்ப, கோவலன் முடங்கலைப் படிக்கிறான். பிழை அவளுடையது அன்று, தன்னுடையதே என்று தெளிகிறான்.

அடுத்து அவன் செய்வது ஆழ்ந்து நோக்கத்தக்கது. அம்முடங்கலின் வாசகம் தன் பெற்றோர்க்குத் தான் எழுத வேண்டியதற்கும் பொருந்துவதைக் கண்டு, அதனையே அவர்களிடம் சேர்ப்பிக்குமாறு கோசிகனிடம் கொடுத்தனுப்புகிறான். முதல் மடல் மாதவி ஒருத்திக்கே உரியது. இரண்டாவதோ கோவலனுக்கும் உரியதாகிவிடுகிறது. பிறர் துன்பத்தை நோக்கித் திரும்பிய சொல், பிறரும் தமதென எடுத்துக்கொள்ளக்கூடிய சொல்லாகிறது. புத்துயிர்ப்பு அறமாக முதிர்வது இந்நிலையில்தான் எனலாம்.

சாந்திநிகேதனச் சான்று

இம்முதிர்ச்சி தமிழ்க் காப்பிய உலகுக்கு மட்டும் உரியதன்று. வங்காளத்தில் பால்குன, சைத்திர மாதங்கள் வசந்தம் எனப்படும். ரவீந்திரநாத் தாகூரின் இளைய மகன் சமீந்திரநாத், 1907ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சாந்திநிகேதனத்தில் சிறுவர் சிலருடன் ஒரு பருவ விழாவை நடத்தினான். பின்னாளில் புகழ்பெற்ற வசந்த உற்சவத்தின் தொடக்கமாக அது கருதப்படுகிறது. அவ்வாண்டு நவம்பரிலேயே அச்சிறுவன் முங்கேர் நகரில் காலரா நோயால் இறந்தான். மகனை இழந்த தந்தைக்கு அடுத்து வந்த வசந்தம் எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் வசந்தத்தைப் பொருளாகக் கொண்ட ‘பால்குனி’ நாடகத்தைத் தாகூர் 1915இல் இயற்றினார். நரைமுடி கண்டு அஞ்சும் அரசன் முன் நிகழ்த்தப்படும் அந்நாடகத்தில், இளைஞர்கள் முதியவனைப் பிடிக்கக் குகையைத் தேடிச் செல்கின்றனர். அங்கிருந்து வெளிப்படுவதோ இளமை. 1916 ஜனவரியில் கல்கத்தாவின் ஜோராசாங்கோ இல்லத்தில் இந்நாடகம் மேடையேறியது, பாங்குராப் பகுதியில் பஞ்சத்தால் வாடியவர்களுக்கு உதவும்பொருட்டு. வசந்தத்தைக் குறித்த கலை, வசந்தம் சென்றடையாத வீடுகளை நோக்கித் திரும்பியது.

ஒரு தடை

கலை பிறர்க்கு உதவினால்தான் மதிப்புடையது என்றால் முதல் மடலுக்கு மதிப்பில்லையா என்னும் தடை இங்கு எழலாம். அவ்வாறு கொள்ளுதல் பொருந்தாது. தன் துயரைச் சொல்லும் உரிமை எவ்வுயிர்க்கும் உண்டு. முதல் மடலை எழுதிய உள்ளமே இரண்டாவதையும் எழுதியது. தன் வலியை உணராதவர் பிறர் வலியை உணர்தல் அரிது. நாம் வலியுறுத்துவது, முதற்படியை முடிவாகக் கொள்ளலாகாது என்பதையே.

முடிவுரை

இரண்டாம் முடங்கலும் கோவலனைக் காக்கவில்லை. மதுரையில் அவன் கொலையுண்டான். பாங்குராவின் பஞ்சமும் ஒரு நாடகத்தால் தீர்ந்திருக்க இயலாது. ஆதலின் அறத்தை விளைவால் மட்டும் அளத்தல் ஆகாது. தன் பிழையை உணர்ந்த உள்ளத்தோடு கோவலன் மதுரைக்குள் புகுந்தான் என்பதே அம்முடங்கல் செய்த பணி. இளவேனில் கேளாமலே வருகிறது. அது தரும் ஊக்கமும் நம் முயற்சியின்றி வாய்ப்பது. அதனை யாருக்காகச் செலவிடுகிறோம் என்பது மட்டுமே நம் பொறுப்பில் உள்ளது.