கால் நரம்பு வேதனையும் நம் கடமையும்



காய்ச்சலைத் தொட்டால் அறியலாம். புண்ணைப் பார்த்தால் அறியலாம். ஆனால் இடுப்பில் பிடித்து, பின்தொடை வழியாகப் பாதம் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் இழுக்கும் வேதனை, அதை அனுபவிப்பவருக்கு மட்டுமே தெரியும். டாக்டர்கள் ‘ஸயாட்டிகா’ என்று கூறும் இதனை அரபியர் ‘இர்குன் நஸா’ என்பர்.

இது புதிய நோயன்று. இஸ்ராயீல் எனும் யஃகூப் (அலை) அவர்கள் ஓர் உணவைத் தம்மீது விலக்கிக் கொண்ட செய்தி ஆல இம்ரான் சூரா 93ஆம் ஆயத்தில் வருகிறது. அவர்களுக்கு இர்குன் நஸா கண்டதால் ஒட்டக இறைச்சியையும் பாலையும் விட்டார்கள் என்று தஃப்ஸீர்கள் கூறுகின்றன. அல்லாஹ்வின் நபிக்கே வந்த நோயை, ‘செய்த பாவத்தின் கூலி’ என்று நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்லலாமா? நாவைப் பேணிக் கொள்வோம்.

நம் உடலிலேயே மிகத் தடித்த நரம்பு இதுதான். முதுகெலும்பின் கணுக்களுக்கு இடையே மெத்தைபோல் ‘டிஸ்க்’ இருக்கிறது. பெரும்பாலும் அது பிதுங்கி இந்நரம்பின் வேரை அழுத்துவதாலேயே வேதனை எழுகிறது. கோளாறு இடுப்பில், துடிப்பதோ கால்! இந்தத் தொடர்பை அமெரிக்க மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் 1934இல்தான் தெளிவாக எடுத்துக் காட்டினர். மருத்துவர்களுக்கே விளங்க இவ்வளவு காலம் பிடித்ததை, ‘வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்’ என்று மருமகளைப் பற்றி மாமியார் ஒரு நொடியில் தீர்ப்புக் கூறுவது நியாயமா?

இனி தொழுகைக்கு வருவோம். சிலர் வலியைக் காரணம் காட்டித் தொழுகையையே விட்டு விடுகின்றனர். வேறு சிலர், ஜமாஅத்தார் என்ன நினைப்பார்களோ என்று பல்லைக் கடித்துக் கொண்டு குனிந்து, நோயை வளர்த்துக் கொள்கின்றனர். இரண்டும் சரியன்று. மூல நோயால் அவதிப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் கேட்டபோது, நின்று தொழும்படியும், இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது புகாரியில் உள்ளது. உட்கார்ந்து சைகையால் தொழுபவர் ருகூவுக்குக் குனிவதைவிட ஸஜ்தாவுக்குக் கூடுதலாகக் குனிய வேண்டும். நிற்க முடிந்தும் ஸஜ்தா செய்ய இயலாதவருக்கு ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் சட்டம் வேறுபடும். மஹல்லா ஆலிமிடம் கேட்டு நடக்கட்டும். சுகமாயிருந்த நாளில் செய்து வந்த அமலின் நன்மை நோயாளிக்கும் எழுதப்படுகிறது என்பது நபிமொழியின் கருத்து. ஆகவே கலங்க வேண்டாம்.

மருந்து செய்வதும் மார்க்கம் காட்டிய வழியே. இந்நோய்க்கு ஆட்டு வால் கொழுப்பை உருக்கி, மூன்று பங்காக்கி, மூன்று நாள் வெறும் வயிற்றில் அருந்தும் முறை இப்னு மாஜாவில் வந்துள்ளது. அது ஹிஜாஸ் பகுதி அரபியரை முன்னிட்டுக் கூறப்பட்டது என்று இப்னுல் கையிம் (ரஹ்) விளக்குகிறார்கள். எனவே இருதய நோயுள்ள பெரியவருக்கு டாக்டரைக் கேளாமல் கொழுப்பைக் கொடுத்து விடாதீர்கள்.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வேதனை தணிந்து விடும். படுத்தே கிடக்காமல் இயன்றவரை நடமாடுவது நல்லது. ஆனால் சிறுநீர் அடைபட்டாலோ, மலஜலம் கட்டுப்படாமல் போனாலோ, மறைவிடத்தைச் சுற்றி மரத்துப் போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தளர்ந்தாலோ, வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

சகோதரர்களே! அத்தாவுக்கு உளூவுக்குத் தண்ணீர் எடுத்து வைப்பதும், உம்மாவின் கையிலிருந்து குடத்தை வாங்கிக் கொள்வதும், ‘வலிக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் நம்புவதும் நன்மைகளே. நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹு தஆலா பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.