தூரமும் மனச்சாட்சியும்

தான் கொன்றவனின் முகத்தைக் காணாத ஒருவனைக் கொலையாளி என்று கூறலாமா? கேட்ட மாத்திரத்தில் இவ்வினா வெறும் தர்க்க விளையாட்டாகத் தோன்றலாம். ஆயின், கடந்த நூறாண்டுக் காலத்து யுத்தங்களின் வரலாற்றை நோக்குவோர் இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

வாளும் வேலும் போர்க்கருவிகளாயிருந்த காலத்திற் கொல்பவனும் கொல்லப்படுபவனும் ஒருவரையொருவர் பார்த்தே தீரவேண்டியிருந்தது. மார்பிற் பட்ட புண்ணை விழுப்புண் என்று பண்டைத் தமிழர் போற்றியதும், முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணியதும் இந்த நேருக்கு நேர் நிலையிலிருந்து பிறந்த அறமேயாகும். அவை மன்னர்களுடைய போர்கள். அவற்றைப் பொற்காலத்தின் பெருமைகளாக நாம் பாடவேண்டியதில்லை. எனினும், அன்றைய போரறம் எதிரியின் முகத்தை ஆதாரமாகக் கொண்டிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. அந்த முகம் மறைந்தபின் அறத்துக்கு என்ன நேர்கிறது? இதனை ஆராய்வதற்கு விமானந்தாங்கிக் கப்பலின் வரலாறு நமக்குப் பெரிதும் உதவும்.

அவ்வரலாற்றின் தொடக்கத்தில் வெறுப்புக்கு இடமில்லை. துணிவும் தோழமையுமே காணப்படுகின்றன. 1910 நவம்பர் 14ஆம் திகதி, அமெரிக்காவின் வேர்ஜீனியாக் கரையோரத்தில், 'பேர்மிங்ஹாம்' என்ற போர்க்கப்பலின் மீது அமைக்கப்பட்ட மரமேடையிலிருந்து யூஜின் ஈலி என்பவர் விமானமொன்றைக் கிளப்பினார். இரண்டு மாதங்களின் பின், 1911 ஜனவரி 18இல், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நின்ற 'பென்சில்வேனியா' என்ற கப்பலின் மீது இறங்கியும் காட்டினார். மேடைக்குக் குறுக்கே கட்டப்பட்டு, இரு முனைகளிலும் மணல் மூட்டைகள் பிணைக்கப்பட்ட கயிறுகளே அவருடைய விமானத்தை நிறுத்தின. அதே ஆண்டில் அவர் விமான விபத்தொன்றில் மாண்டார். 1917 ஆகஸ்ட் 2ஆம் திகதி, ஓடிக்கொண்டிருந்த 'பியூரியஸ்' என்ற பிரித்தானியக் கப்பலின் மீது எட்வின் டன்னிங் முதன்முதலாக இறங்கியபோது, அவருடைய தோழர்கள் ஓடிச்சென்று விமானத்தைக் கைகளாற் பற்றி இழுத்து நிறுத்தினர். ஐந்து நாட்களின் பின் மீண்டும் முயன்றபோது விமானம் கடலில் வீழ்ந்து அவரும் உயிரிழந்தார்.

மனிதனின் கையை மனிதனின் கை பற்றிக் காத்த இக்காட்சி நெஞ்சை நெகிழச் செய்வது. ஆயின், இப்பரிசோதனைகளுக்குக் கடற்படைகள் பணத்தைச் செலவிட்டது வேடிக்கைக்காக அன்று. டன்னிங் இறந்து ஓராண்டு நிறைவுறுமுன்னரே, 1918 யூலை 19இல், அதே 'பியூரியஸ்' கப்பலிலிருந்து சென்ற ஏழு விமானங்கள் ரொண்டேர்ன் என்ற இடத்திலிருந்த ஜேர்மானிய ஆகாயக்கப்பற் கொட்டகைகளைக் குண்டுவீசி எரித்தன. பீரங்கி எட்டாத தொலைவைக் கப்பலிலிருந்து எழுந்த விமானம் எட்டிவிட்டது. கடற்போரின் எல்லை அடிவானத்துக்கு அப்பாற் சென்றது.

அந்த எல்லை ஒரு நாள் நமது கரையையும் வந்தடைந்தது. தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கியாகத் திட்டமிடப்பட்ட முதற் கப்பலெனக் கருதப்படுவது, 1924இற் சேவைக்கு வந்த பிரித்தானியாவின் 'ஹெர்மிஸ்' ஆகும். 1942 ஏப்பிரில் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஐந்து யப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களின் பின், ஏப்பிரில் 9இல், திருகோணமலை தாக்கப்பட்டது. தாக்குதலுக்கு அஞ்சித் துறைமுகத்தைவிட்டு முன்னரே வெளியேறியிருந்த 'ஹெர்மிஸ்' மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் அகப்பட்டுக்கொண்டது. அன்று அந்த விமானந்தாங்கியில் ஒரு விமானமேனும் இருக்கவில்லை. குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. கப்பல் 307 பேருடன் கடலுள் அமிழ்ந்தது.

இரு பேரரசுகள் மோதிக்கொண்ட அந்த நாட்களில் இலங்கை ஒரு குடியேற்ற நாடு. போரில் இறங்குவதா இல்லையா என்று கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தொழிலாளியை எவரும் கேட்கவில்லை. ஆனால் குண்டு விழுந்தபோது அவனும் அதற்குக் கீழேதான் நின்றான். தொலைவிலிருந்து தீர்மானிப்பவர்களுக்கும் அத்தீர்மானத்தை உடலில் ஏற்பவர்களுக்கும் இடையிலுள்ள தூரம் மைல்களால் மாத்திரம் அளக்கப்படுவதன்று.

மறுமாதமே, 1942 மே 4 முதல் 8 வரை, அவுஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே பவளக் கடலில் மனித வரலாறு அதுவரை காணாத ஒரு போர் நடைபெற்றது. இரு தரப்புக் கப்பல்களும் ஒன்றையொன்று கண்ணாற் காணாமலே போரிட்ட முதற் கடற்போர் அதுவேயாகும். அமெரிக்கரின் 'லெக்சிங்ரன்', யப்பானியரின் 'ஷோஹோ' என்ற இரு விமானந்தாங்கிகள் அழிந்தன. ஓர் எண்ணெய்க் கப்பலை விமானந்தாங்கியென்று தவறாகக் கருதி யப்பானியர் தமது பலத்தையெல்லாம் அதன்மேற் செலுத்தினர். அமெரிக்கத் தரைப்படை விமானங்களோ தமது பக்கத்துக் கப்பல்கள் மீதே குண்டு வீசின. மே 7ஆம் திகதி மாலை மங்கிய வேளையில், யப்பானிய விமானிகள் சிலர் எதிரியின் கப்பலைத் தமது கப்பலென்று நம்பி அதன்மீது இறங்க முயன்றனர். தூரத்திலிருந்து பார்க்கையிற் பகைவனும் நண்பனும் ஒருவராகவே தோன்றுகின்றனர். எண்ணிப் பார்ப்போருக்கு இதில் ஒரு கசப்பான உண்மை உண்டு.

தூரம் முகத்தை மறைக்கிறது. வேலைப் பிரிவினையோ செயலையே மறைத்துவிடுகிறது. பெரிய விமானந்தாங்கியொன்றில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வாழ்கின்றனர். அமெரிக்கக் கப்பல்களின் மேற்றளத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு நிறச் சட்டை உண்டு. ஊதாச் சட்டைக்காரன் எரிபொருள் நிரப்புகிறான். சிவப்புச் சட்டைக்காரன் குண்டுகளைப் பூட்டுகிறான். மஞ்சட் சட்டைக்காரன் விமானத்தை வழிநடத்துகிறான். பச்சைச் சட்டைக்காரன் அதனை உந்திச் செலுத்தும் பொறியைக் கவனிக்கிறான். "நான் எண்ணெய்தானே ஊற்றினேன்" என்று ஒருவனும், "நான் கட்டளைக்குத்தானே பணிந்தேன்" என்று மற்றொருவனும் கூறலாம். ஒவ்வொருவர் கூற்றும் உண்மையே. ஆயினும் கடலுக்கு அப்பால் ஒரு கிராமம் எரிகிறது.

ஐயாயிரம் பேர் பகிர்ந்துகொண்டால் ஒரு கொலை ஐயாயிரத்திலொரு பங்காகக் குறைந்துவிடுமா? உரொட்டியைப் பங்கிடலாம், பொறுப்பை அவ்விதம் பங்கிட்டுக் கரைத்துவிட முடியாது. கட்டளையிட்ட அமைச்சனும் எண்ணெய் ஊற்றிய இளைஞனும் சமமான குற்றவாளிகள் என்று நாம் கூறவில்லை. அதிகாரத்துக்கும் அறிவுக்கும் ஏற்பப் பொறுப்பு கூடிக் குறையும். ஆனால் அது எவரிடத்தும் இல்லாமற் போவதில்லை.

இவ்விடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். பாசிசத்தை வீழ்த்துவதற்கும் இக்கருவியே உதவவில்லையா? உதவியது. 1940 நவம்பரில் முசோலினியின் போர்க்கப்பல்களைத் தாரந்தோத் துறைமுகத்தில் முடக்கியவை ஒரு விமானந்தாங்கியிலிருந்து சென்ற 21 பழைய விமானங்களே. கொழும்பைத் தாக்கிய ஐந்து கப்பல்களுள் மூன்று, இரண்டு மாதங்களின் பின் மிட்வே தீவுக்கருகில் அழிக்கப்பட்டன. அந்த வெற்றிகளை நாம் இகழவில்லை. ஆனால் 1945இன் பின் நடந்தது வேறு. 1950இற் கொரியாவுக்கும், 1956இற் சுயெஸ் கால்வாய்க்கும், 1964இல் வியட்நாமுக்கும் இக்கப்பல்கள் சென்றபோது, எதிரே நின்றவர்களிடம் ஒரு விமானந்தாங்கியும் இருக்கவில்லை. பவளக் கடலில் இரு தரப்பாருக்கும் பொதுவாயிருந்த தூரம் இப்பொழுது ஒரு தரப்பின் தனிச்சொத்தாயிற்று. வியட்நாமியர் பல விமானங்களைச் சுட்டு வீழ்த்தினர் என்பது உண்மை. அவற்றை அனுப்பிய கப்பல்களோ டொங்கின் குடாவில் அவர்களுக்கு எட்டாத தொலைவில் நின்றன. தன்மீது திரும்பி வராத அடியை அடிப்பவன் தன் செயலின் பாரத்தை உணர்வது மிகக் கடினம்.

1967 யூலை 29ஆம் திகதி அந்தப் பாரம் எதிர்பாராத வழியில் உணரப்பட்டது. டொங்கின் குடாவில் நின்ற 'பொறெஸ்ரல்' கப்பலின் தளத்தில், மின்கோளாறினால் ஓர் ஏவுகணை தானாகப் பாய்ந்து மற்றொரு விமானத்தின் எரிபொருட் கலத்தைத் தாக்கியது. பரவிய தீயில் விமானங்களிற் பூட்டியிருந்த குண்டுகள் வெடித்தன. 134 பேர் மாண்டனர். பிறர்மீது போடுவதற்கென அடுக்கப்பட்ட குண்டு அடுக்கியவர்களையே எரித்தது. இதில் மகிழ்வதற்கு எதுவுமில்லை. இறந்தவர்கள் சாதாரண குடும்பங்களின் பிள்ளைகள். ஆனால் குண்டு செய்யும் வேலை இன்னதென்பதை உயிர் தப்பியவர்கள் அன்று கண்ணாற் கண்டனர்.

அவ்வாறாயின், கண்ணாற் கண்டாலன்றி மனிதனின் மனச்சாட்சி விழிக்காதா? நமது கட்டுரையின் மையமான வினா இதுவே. விழிக்கும் என்பதற்குச் சான்று அதே கப்பல்களிலேயே உண்டு. 1967 ஒக்ரோபரில், 'இன்ரெபிட்' என்ற விமானந்தாங்கியின் நான்கு இளம் மாலுமிகள், அது யப்பானின் யோகோசுகாத் துறைமுகத்தில் நின்றபோது கப்பலைவிட்டு நீங்கினர். தமது நாட்டின் மீது ஒருகாலத்தில் இத்தகைய விமானங்கள் வீசிய குண்டுகளை அறிந்திருந்த யப்பானியச் சமாதான இயக்கத்தினர் அவர்களுக்கு உதவினர். சோவியத் நாட்டின் வழியாக அவர்கள் சுவீடனைச் சென்றடைந்தனர். 1971இல், வியட்நாமுக்குப் புறப்பட ஆயத்தமான மற்றொரு கப்பலில், அது போகலாகாது என்று கோரும் விண்ணப்பத்தில் ஏறத்தாழ ஆயிரம் மாலுமிகள் கையொப்பமிட்டனர். அக்கப்பலின் பெயர் 'கோரல் சீ'. முகம் காணாத முதற் கடற்போர் நடந்த பவளக் கடலின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டிருந்தது.

கப்பல் என்னவோ புறப்பட்டுத்தான் சென்றது. ஆனால் கையொப்பமிட்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் குண்டு விழும் கிராமத்தைக் கண்டவர்களல்லர். எண்ணெய் ஊற்றுவதும் கயிறு இழுப்பதும் சமையல் செய்வதுமே அவர்களுடைய வேலை. தமது சிறு வேலை எந்தப் பெருஞ்செயலின் பகுதி என்பதை அவர்கள் கேட்டறிந்தார்கள், படித்தறிந்தார்கள், தம்முள் விவாதித்து அறிந்தார்கள். மனச்சாட்சிக்குக் கண் உதவலாம். ஆனால் அதன் வேர் அறிவிலேயே உள்ளது. எனவே, காணாமை ஒருவனைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதில்லை. அறியக்கூடியதை அறிய மறுப்பதே தூரத்தைக் குற்றமாக்குகிறது.

இன்று இவ்வினா இன்னும் கூர்மையடைந்துள்ளது. 2013ஆம் ஆண்டில், விமானி எவருமின்றி ஒரு விமானம் அமெரிக்க விமானந்தாங்கியொன்றிலிருந்து எழுந்தது. சில வாரங்களின் பின் அத்தகைய கப்பலின் மீது இறங்கியும் காட்டியது. டன்னிங்கின் விமானத்தைப் பற்றிய கைகளுக்கு அங்கே வேலையில்லை. காப்பாற்ற வேண்டிய மனிதன் அதனுள் இல்லை. ஆயின், அதன் குண்டு விழுமிடத்தில் மனிதன் இன்னும் இருக்கிறான்.

வகுப்பறைகளில் நாம் போர்களைக் கப்பல்களின் பெயர்களாகவும் ஆண்டுகளின் வரிசையாகவும் கற்பிக்கிறோம். மாணவர்களும் அவற்றை மனனஞ் செய்து ஒப்புவிக்கிறார்கள். 'ஹெர்மிஸ்' எந்த ஆண்டில் மூழ்கியது என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. அதிலிருந்தவர்கள் யார், அவர்களை அனுப்பியவர்கள் யார், குண்டு வீசியவன் எதை அறிந்திருந்தான், எதை அறியாதபடி வைக்கப்பட்டிருந்தான் என்றும் கேட்கவேண்டும். அக்கப்பல் இன்றும் மட்டக்களப்புக் கடலின் அடியிலே கிடக்கிறது. கரையில் நிற்பவருக்கு அது தெரிவதில்லை. ஆயினும் அது அங்கே கிடப்பதை நாம் அறிவோம். இத்தகைய அறிவையே தூரத்தில் நிகழும் ஒவ்வொரு கொலையைக் குறித்தும் நாம் பெற்றாகவேண்டும், பிறருக்கும் கொடுத்தாகவேண்டும்.